செம்பனை உச்சியில் மாட்டிய விமானமும் ஒரு பழைய மடிக்கணினியும்

ரிமோட்டில் விடும் என் முதல் சின்ன விமானம் 11 விநாடி பறந்தது. அக்கா மகன் கைப்பேசியில் படம் பிடித்திருந்ததால் இந்தக் கணக்கு தெரியும். கையிலிருந்து கிளம்பியது, சர்ரென்று ஏறியது, தோட்டத் திடலின் கோல் கம்பத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பி எங்களை நோக்கி வந்தது. அதுவரை எல்லாம் சரி. எங்கள் பக்கம் முகம் திரும்பியதும் ஒரு இறக்கை லேசாகத் தாழ்ந்தது. நிமிர்த்துவதாக நினைத்து நான் ரிமோட்டின் ஸ்டிக்கைத் தள்ள, அது இன்னும் சாய்ந்தது. இன்னும் தள்ள, இன்னும் சாய்ந்தது. திடலை ஒட்டியிருக்கும், எண்ணெய் எடுக்கும் செம்பனை வரிசையில் மூன்றாவது மரத்தின் உச்சியில், மட்டைகளுக்கு நடுவே போய்ச் செருகிக்கொண்டது. மோட்டார் மட்டும் மேலே உர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது. "மாமா, திராட்டல்! திராட்டல கீழ இழுங்க!" என்று அவன் கத்திய பிறகுதான், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த ஸ்டிக்கின் பக்கம் என் கட்டைவிரல் அசைந்தது.

ஒரு மீட்டர் இறக்கை, நுரையால் செய்த உடல், பின்னால் தள்ளும் மோட்டார். மூன்று மாத ஓவர்டைம் காசு.

எடுத்துக் கொடுத்தவர் குலை வெட்டும் அண்ணன் ஒருவர். நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் வளைந்த அரிவாளை மாட்டி, கீழே நின்றபடியே நாலு மாடி உயரத்துக் குலையைக் குறிபார்த்து வெட்டுகிறவர். மட்டையை மட்டும் அறுத்து, விமானத்தில் கத்தி படாமல், இழுத்துக் கீழே விட்டார். செம்பனை மட்டையின் அடியில் முள் எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வலது இறக்கையில் வரிசையாக ஏழு ஓட்டை, வால் பகுதி பாதி பிய்ந்து தொங்கியது, உள்ளே கட்டெறும்பு. அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத எங்க பழகுனீங்க?" என்று கேட்டார். எங்கேயும் பழகவில்லை. நேரே பெட்டியைப் பிரித்து, பேட்டரியைச் சார்ஜ் செய்து, திடலுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது. எங்கே பழகுவது, எவ்வளவு செலவில் பழகுவது.

நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில். அப்பா காலத்தில் பால்மரம் (ரப்பர்), இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. விமானம் விடுகிற சங்கமோ, பக்கத்தில் நின்று சொல்லித்தருகிற ஆளோ எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரிய ஊர்களில் அனுபவசாலி ஒருவர் தன் டிரான்ஸ்மிட்டரை, அதாவது கையில் பிடிக்கும் ரிமோட்டை, உங்களுடையதோடு கம்பியால் இணைத்துக்கொண்டு, நீங்கள் தடுமாறும்போது அவர் பிடித்துக்கொள்வார். எங்களுக்கு அந்த இடத்தை நிரப்பியது சிமுலேட்டர். கணினியில் ஓடும் மென்பொருள்; திரையில் ஒரு திடல், அதில் நீங்கள் தரையில் நிற்கிறீர்கள், விமானம் உங்கள் கண்ணெதிரே பறக்கிறது. பெரிய விமான சிமுலேட்டர்களில் விமானி இருக்கையில் உட்கார்ந்திருப்பீர்கள், அது வேறு. ஆர்சி (ரேடியோ கண்ட்ரோல்) சிமுலேட்டரின் உயிரே தரையில் நின்று பார்க்கும் அந்தக் கோணத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் என்னை அன்றைக்கு விழவைத்தது அந்தக் கோணம்தான். விமானம் விலகிப் போகும்போது உங்கள் வலமும் அதன் வலமும் ஒன்று. திரும்பி வரும்போது எதிரெதிர். இதைப் புத்தியால் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும், கட்டைவிரலுக்குப் புரியவைக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இதே வழியில்தான் போகிறார்கள். கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கி, கண்ணாடித் திரையில் இரண்டு வட்டங்களைக் கட்டைவிரலால் தேய்த்துப் பழகினேன். இரண்டு வாரம். விரலுக்கு எந்த எதிர்ப்பும் இல்லை, நடு எங்கே ஓரம் எங்கே என்று தெரிய வழியில்லை, விரல் வட்டத்தை விட்டு வழுக்கிப் போய்விடும். அப்புறம் அக்கா மகன் தன் விளையாட்டுக் கைப்பிடியைக் கொண்டுவந்தான், கணினி விளையாட்டுக்கு வைத்திருப்பது. அது பரவாயில்லை என்றாலும் ஒரு பெரிய குறை உண்டு. அதன் இரண்டு குச்சிகளும் விட்டவுடன் ஸ்பிரிங்கால் நடுவுக்கு வந்துவிடும். விமான டிரான்ஸ்மிட்டரில் திராட்டல் அப்படி வரவே கூடாது, வைத்த இடத்தில் நிற்கவேண்டும். விளையாட்டுக் கைப்பிடியில் விரலை எடுத்தால் மோட்டார் பாதி வேகத்துக்குப் போய் நிற்கும். அதில் பழகிய கை, உண்மையான ரிமோட்டில் தரையிறங்கும்போது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். குச்சியின் நீளமும் குறைவு, நகரும் தூரமும் குறைவு. மெல்லத் தள்ளவேண்டிய இடத்தில் எல்லாமே வெட்டு வெட்டாக இருக்கும்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: காசு கொஞ்சமாக இருந்தால் அதை மென்பொருளில் போடாதீர்கள், கையில் பிடிக்கும் ரிமோட்டில் போடுங்கள். நல்ல மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது. நல்ல ஸ்டிக் இலவசமாகக் கிடைக்காது. நாளைக்கு எந்த ரிமோட்டால் விமானம் விடப்போகிறீர்களோ, இன்றைக்கு அதையே பிடித்துப் பழகினால் அந்தச் செலவு சிமுலேட்டர் செலவே ஆகாது, எப்படியும் வாங்கவேண்டிய ஒன்றைக் கொஞ்சம் முன்னால் வாங்கியதாகத்தான் ஆகும்.

என்னிடம் இருப்பது ஃபிளைஸ்கை எஃப்எஸ்-ஐ6. ஆறு சேனல் (தனித்தனியாக ஆறு அசைவுகளை இயக்கலாம்), 2.4 கிகாஹெர்ட்ஸ், நான்கு டபுள்-ஏ பேட்டரி. விமானத்துக்குள் வைக்கும் ரிசீவரோடு சேர்த்து ஏறக்குறைய 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். விலை குறைந்தவற்றில் இதைப் பலர் வைத்திருக்கிறார்கள், அதனால் ஏதாவது புரியாவிட்டால் கேட்க ஆள் கிடைக்கும், அதுவே ஒரு பெரிய வசதி. பின்பக்கம் நாலு முள் உள்ள ஒரு வட்டத் துளை இருக்கும், பழைய தொலைக்காட்சிகளின் எஸ்-வீடியோ துளை போல. அதுதான் டிரெய்னர் போர்ட், ஆசிரியர் ரிமோட்டையும் மாணவர் ரிமோட்டையும் இணைக்கும் துளை. சிமுலேட்டருக்கான கேபிள் அங்கேதான் போகும், மறுமுனை கணினியின் யூஎஸ்பிக்கு.

அந்தத் துளை வழியாக வருவது மிக எளிமையான சமிக்ஞை. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு துடிப்பு. அதன் அளவு 1 மில்லிவிநாடி என்றால் ஸ்டிக் ஒரு ஓரத்தில், 2 மில்லிவிநாடி என்றால் மறு ஓரத்தில், 1.5 என்றால் நடுவில். எல்லாச் சேனலும் வரிசையாக வந்து முடிந்து, ஒரு சின்ன இடைவெளி விட்டு, மறுபடி முதலிலிருந்து. விநாடிக்குக் கிட்டத்தட்ட 50 முறை. பிபிஎம் என்பார்கள். நான் ஆலையில் மின்பிரிவில் வேலை பார்ப்பவன், எனக்கு இது பிடித்துப்போனது. பல ஆண்டுகளாக ஒரு சின்னக் கம்பியில் இந்தத் துடிப்பு ஓடி, உலகம் முழுக்க மாணவனையும் ஆசிரியரையும் இணைத்துக்கொண்டிருக்கிறது.

கேபிள் வாங்கும்போது கவனமாக இருங்கள். நான் இணையத்தில் முதலில் வாங்கியது வேறு ரிமோட்டுக்கானது, முனை பொருந்தவில்லை, விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. அந்த 25 வெள்ளி போனது போனதுதான். அதற்குப் பிறகு வாங்கியது சரியாக வேலை செய்தது: செருகியதும் கணினி அதை ஜாய்ஸ்டிக் என்று அடையாளம் கண்டது. உங்கள் ரிமோட்டின் பெயரை எழுதியே கேளுங்கள், பின்பக்கத் துளையைப் படம் எடுத்து அனுப்புங்கள், "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்ற வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சில மலிவுத் தொகுப்புகளில் கேபிளோடு ஒரு குறுந்தட்டும் வரும், நாலைந்து சிமுலேட்டர் அதிலேயே இருக்கிறது என்று சொல்லி. பெரும்பாலும் அவை திருட்டுப் பிரதிகள், கணினிக்கும் நல்லதில்லை. கேபிளை வைத்துக்கொண்டு தட்டைத் தொடாமல் விடுவதே நல்லது.

கேபிளுக்கும் காசில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. அந்தத் துடிப்பைக் கணினியின் மைக் துளையில் கொடுத்து, ஒலி அட்டை வழியாகவே படிப்பது. ஸ்மார்ட்புரோப்போபிளஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். ஆனால் ஒயரைச் சூடுவைத்து ஒட்டத் தெரியவேண்டும், மைக்கின் இரைச்சல் நீக்கும் வசதிகளையெல்லாம் அணைக்கவேண்டும், இப்போதைய மடிக்கணினிகளில் ஒரே துளைதான் இருக்கிறது, அதிலே மைக் எது ஹெட்போன் எது என்று வேறு பார்க்கவேண்டும். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஓடவைத்துப் பார்த்தேன், ஓடியது. ஆனாலும் புதிதாகப் பழகுகிறவருக்கு இதைச் சொல்லமாட்டேன். பறக்கப் பழகவேண்டிய பொழுதெல்லாம் ஒயரிலேயே போய்விடும்.

இனிமேல்தான் ரிமோட் வாங்கப்போகிறீர்கள் என்றால், யூஎஸ்பி உள்ளதாகவே பாருங்கள். எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருள் உள்ளே ஓடும் ரிமோட்டுகள், உதாரணமாக 2023இல் வந்த ரேடியோமாஸ்டர் பாக்கெட், கைப்பேசிக்குப் போடும் சாதாரண யூஎஸ்பி-சி கம்பியால் கணினியில் செருகினால் போதும், திரையிலேயே ஜாய்ஸ்டிக்கா என்று கேட்கும், ஆமாம் என்றால் முடிந்தது. தனிக் கேபிள் வேண்டாம், தலைவலி வேண்டாம். நான் வாங்கியபோது இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இதைத்தான் வாங்கியிருப்பேன்.

மோட் பற்றியும், அதாவது எந்த ஸ்டிக் எதை இயக்கும் என்பது பற்றியும், ஒரு வார்த்தை. ரடர் மூக்கை இடம் வலமாகத் திருப்பும், எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும், ஐலிரான் இறக்கையைச் சாய்க்கும். மோட் 2 என்றால் திராட்டலும் ரடரும் இடது ஸ்டிக்கில், எலிவேட்டரும் ஐலிரானும் வலதில். மோட் 1 என்றால் திராட்டலும் ஐலிரானும் வலதில், எலிவேட்டரும் ரடரும் இடதில். இரண்டில் எது சிறந்தது என்று ஆளாளுக்கு வாதாடுவார்கள், அந்த வாதத்தில் நீங்கள் இறங்கவேண்டாம். உங்கள் ஊரில் உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியவர் எதைப் பிடிக்கிறாரோ அதையே பிடியுங்கள், நாளைக்கு அவர் உங்கள் விமானத்தைக் காப்பாற்றவேண்டி வரலாம். யாரும் இல்லையென்றால் மோட் 2. சிமுலேட்டர் அமைப்பிலும் அதையே வையுங்கள். முதல் வாரத்தில் ஒன்று, அடுத்த வாரத்தில் இன்னொன்று என்று மாற்றினால் விரல் குழம்பிவிடும்.

இப்போது மென்பொருள். என்னிடம் இருந்தது எட்டு வருடப் பழைய மடிக்கணினி, 4 ஜிபி நினைவகம், தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது. அக்கா வீட்டில் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. இதை வைத்து என்ன ஓட்ட முடியும் என்பதுதான் என் கேள்வி, உங்களில் பலருக்கும் அதுதான் கேள்வியாக இருக்கும்.

சிஆர்ஆர்சிசிம் இலவசம், மூலநிரல் திறந்தது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சார்ல்ஸ் ரிவர் ரேடியோ கண்ட்ரோலர்ஸ் என்ற சங்கத்தின் பெயரிலிருந்து வந்த பெயர். பார்ப்பதற்குப் பழைய காலத்து விளையாட்டு மாதிரி இருக்கும், மரம் மரம் மாதிரி இருக்காது. ஆனால் காற்று காற்று மாதிரி இருக்கும். கிளைடர் (மோட்டார் இல்லாமல் காற்றில் மிதக்கும் விமானம்) விடுகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது என்பதால், வெயிலில் சூடாகி மேலே எழும் காற்று, மலைச்சரிவில் மோதி எழும் காற்று எல்லாம் இருக்கும். அலமாரியில் தூங்கிய கணினியில் திணறாமல் ஓடியது.

பிகாசிம் அதைவிட அழகு, அதுவும் இலவசம். இதுவும் கிளைடர்களிலிருந்து வளர்ந்ததுதான். விண்டோஸிலும் உண்டு, கைப்பேசியிலும் உண்டு. காற்றின் வேகத்தையும் கொந்தளிப்பையும் நாமே கூட்டிக் குறைக்கலாம். நாங்கள் அதிகம் பழகியது இதில்தான். இதன் விமானங்களின் எடை கையில் தெரியும், அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கும்போது மூக்கைத் தூக்கினால் உடனே தூக்காமல் ஒரு நொடி யோசித்து, வேகம் குறைந்து, அப்புறம் தொங்கும். உண்மையான நுரை விமானமும் அப்படித்தான் செய்கிறது.

காசு கொடுத்து வாங்குபவற்றில் ரியல்ஃபிளைட்டின் பெயர்தான் எங்கும் கேட்கும். நைஃப் எட்ஜ் என்ற நிறுவனம் செய்தது, அதை விற்றுவந்த ஹாபிக்கோ நிறுவனம் 2018இல் திவாலான பிறகு ஹொரைசன் ஹாபி என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. விண்டோஸ் மட்டும். விமானங்களும் திடல்களும் ஏராளம். கடையில் விற்கும் பயிற்சி விமானங்களே உள்ளே இருப்பதால், வாங்கப்போகும் விமானத்தையே முன்கூட்டி விட்டுப் பார்க்கலாம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் மென்பொருளை மட்டும் வாங்கலாம், தள்ளுபடி நாள்களில் விலை இறங்கும். ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி வேண்டும், என் அக்காவின் மடிக்கணினிக்கு இது கட்டுப்படியாகாது. ஜெர்மனியின் ஏரோஃபிளை ஆர்சியும் நல்லதே. அதில் பல திடல்கள் உண்மையான இடத்தைச் சுற்றிலும் எடுத்த புகைப்படங்கள், பார்த்தால் நிஜமாகவே அங்கே நிற்பது போல் இருக்கும். ஹெலிகாப்டர்தான் உங்கள் ஆசை என்றால் ஹெலி-எக்ஸைப் பாருங்கள், இலவச மாதிரிப் பதிப்பு இருக்கிறது. பீனிக்ஸ் என்று ஒன்று ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது, விற்பனை நின்று ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய தட்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள்.

புல் தனித்தனியாக அசைவது, மேகத்தின் நிழல் ஓடுவது இதெல்லாம் பழகுகிறவருக்குத் தேவையில்லை. வேண்டியது ஒன்றே: ஸ்டிக் அசைந்த மறுகணம் திரையில் விமானம் அசையவேண்டும். படம் விட்டு விட்டு நகர்ந்தால், அல்லது கை ஒரு நேரம் திரை ஒரு நேரம் என்று இருந்தால், தாமதத்துக்கு ஈடுகட்டவே கை பழகும், அந்தப் பழக்கம் திடலில் விமானத்தை உடைக்கும். ஆகவே அழகு அமைப்புகளையெல்லாம் குறைத்துவையுங்கள். நிழல், புல், நீரில் பிரதிபலிப்பு எல்லாவற்றையும் அணையுங்கள். படம் வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

பழக ஆரம்பித்த முதல் நாள் ராத்திரி எங்கள் விமானம் வலப்பக்கமே உருண்டுகொண்டிருந்தது. மென்பொருளில்தான் கோளாறு என்று அவனும் நானும் அரைமணி நேரம் தேடினோம். ரிமோட்டில் டிரிம், அதாவது ஸ்டிக்கின் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் சின்னப் பொத்தான், தள்ளியிருந்தது, செம்பனை உச்சிக்குப் போன நாளில் பதற்றத்தில் எங்கேயோ அழுத்தியிருக்கிறேன். டிரிம்களை நடுவில் வைத்து, ஸ்டிக்குகளை நாலு மூலைக்கும் கொண்டுபோய் அளவு காட்டி முடித்ததும் நேராகப் பறந்தது. இன்னொன்றையும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டோம்: ரிமோட்டின் நினைவகத்தில் சிமுலேட்டருக்கென்று தனியாக ஒரு மாடலைத் திறந்து, அதில் எதையும் கலக்காமல் வெறுமையாக வைக்கவேண்டும். உங்கள் நிஜ விமானத்துக்கு எக்ஸ்போவும் (ஸ்டிக் நடுவில் அசைவை மெதுவாக்குவது) டூவல் ரேட்டும் (மொத்த அசைவைக் குறைப்பது) போட்டு வைத்திருப்பீர்கள், அதே மாடலோடு சிமுலேட்டருக்குள் போனால் அங்கேயும் ஒரு எக்ஸ்போ இருக்கும், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஸ்டிக் நடுவில் செத்தது போல் இருக்கும்.

பழகியது எப்படி என்று சொல்கிறேன். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு 20 நிமிடம், அதற்கு மேல் இல்லை. களைத்த விரல் தப்பாகத்தான் கற்றுக்கொள்ளும். முதல் வாரம் வட்டம்கூட அடிக்கவில்லை. நேராகப் போவது, திரும்புவது, உயரம் குறையாமல் திரும்புவது, அவ்வளவே. இரண்டாம் வாரத்திலிருந்து எட்டு போடுவது, எங்களுக்கு முன்னால் படுக்கையில் கிடக்கும் எட்டு. எட்டில்தான் விமானம் ஒவ்வொரு சுற்றிலும் உங்களை நோக்கி வந்து, விலகி, வந்து, விலகிப் போகும். எந்தப் பக்கம் தள்ளுவது என்று அவன் தினமும் தடுமாறினான். "மாமா, வரும்போது எல்லாம் தலைகீழா போவுது" என்பான். அம்மா கொல்லையில் குலை தள்ளிய வாழை ஒன்று சாய்ந்துகொண்டிருந்தது, அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டினேன். விமானம் உன்னைப் பார்த்து வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ, ஸ்டிக்கை அந்தப் பக்கமே தள்ளு, தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடு. அவ்வளவுதான். அன்றிரவே அவன் எட்டு போட்டான். எனக்கு இன்னும் பத்து நாள் ஆனது.

சிமுலேட்டரின் மிகப் பெரிய ஆபத்து ஒரு பொத்தான்தான். விழுந்தால் அதை அழுத்துகிறீர்கள், புது விமானம் வந்து நிற்கிறது. விழுவதற்கு விலையே இல்லை என்றால் கை கவனமின்றிப் போய்விடும். தாழ்வாக வந்து தலைகீழாகத் திருப்புவது, மரத்துக்கு நடுவே புகுவது, இதிலேயே பிள்ளைகள் பொழுதைப் போக்கிவிடுவார்கள். நாங்கள் ஒரு வழி வைத்தோம். பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தோம். விழுந்தால் பொத்தானைத் தொடுவதற்கு முன் எழுந்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஏன் விழுந்தது என்று ஒரு வரி எழுதவேண்டும். "வேகம் இல்லாமல் மூக்கைத் தூக்கினேன்." "சூரியனுக்குள் போய்விட்டது, எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை." "வரும்போது தப்பாகத் தள்ளினேன்." முதல் பக்கம் முழுக்க இந்தக் கடைசி வரிதான், இரண்டு கையெழுத்திலும். நாலாம் பக்கத்துக்கு மேல் அந்த வரியைக் காணோம்.

அதன்பிறகு காற்று. முதலில் காற்றே இல்லாமல், அப்புறம் மணிக்கு 10 கிலோமீட்டர், குறுக்கே. தரையிறங்குவதை மட்டும் ஒரு வாரம். நடுவானில் மோட்டாரை அணைத்துவிட்டு இறக்குவதை இன்னொரு வாரம், ஏனென்றால் பேட்டரி தீர்ந்துபோவது ஒருநாள் எல்லோருக்கும் நடக்கும். வேகம் குறைந்து இறக்கை தன் பிடியை இழக்கும் அந்தக் கணத்தை, ஸ்டால் என்கிறோமே, அதை வேண்டுமென்றே உயரத்தில் வரவழைத்து, மூக்கைத் தாழ்த்தி வேகம் பிடித்து மீள்வதை இருவரும் நூறு தடவையாவது செய்திருப்போம். ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுக்கத்தான் பயந்த கை ஓடும், அதைத் தள்ளப் பழக்குவதற்கு சிமுலேட்டரைவிட மலிவான இடம் இல்லை.

அது கற்றுத்தராதவையும் உண்டு. திரையில் ஆழம் கிடையாது; மரத்துக்கு முன்னால் பறக்கிறதா பின்னால் பறக்கிறதா என்று திடலில்தான் கற்கமுடியும். எங்கள் திடலைச் சுற்றிச் செம்பனை சுவர் போல் நிற்கிறது, காற்று அந்தச் சுவரைத் தாண்டி வரும்போது இந்தப் பக்கம் உருண்டு கீழே விழும். தரையிறங்கும்போது கடைசி ஐந்து மீட்டரில் விமானத்தை யாரோ கையால் அழுத்துவது போல் இருக்கும். இதை எந்த மென்பொருளும் எனக்குக் காட்டவில்லை. இங்கே மதியத்துக்கு மேல் மேகம் கட்டி இடி இடிக்கும், அதனால் காலையில் எட்டு மணிக்கெல்லாம் திடலுக்குப் போய்விடவேண்டும், காற்று அசையாமல் இருக்கும். கிளம்புமுன் விமானத்தின் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளி, வலது ஐலிரான் மேலே எழுகிறதா என்று பார்க்கவேண்டும். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் கால்பங்குக்குச் சற்றே பின்னால் இரு விரலை வைத்துத் தூக்கி, சமநிலையில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். 400 அடிக்கு மேல் ஏற்றக்கூடாது, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விடக்கூடாது, இவை சட்டம். திடலில் ஆள் விளையாடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு விமானம் பெட்டியிலேயே இருக்கவேண்டும், இது நான் போட்டுக்கொண்ட சட்டம்.

முள் குத்திய இறக்கையை நுரைக்கான பசையும் நாடாவும் வைத்து ஒட்டியிருந்தோம். ஏழு ஓட்டையும் தெரியும். மறுபடி விட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா பொட்டலம் கட்டிய நாசி லெமாக்கைப் பசியாறிவிட்டு, திடலுக்குப் போய், அவன் விமானத்தை வீசினான், நான் ரிமோட்டைப் பிடித்தேன். கோல் கம்பத்தைத் தாண்டி, இடப்பக்கம் திரும்பி, எங்களை நோக்கி வந்தது. இறக்கை தாழ்ந்தது. கட்டைவிரல் தானாக அந்தப் பக்கம் போய்விட்டது, போன பிறகுதான் போனது எனக்கே தெரிந்தது. திராட்டலைப் பாதிக்கு இறக்கும்போது அதன் பல் டிக் டிக் என்று விரலுக்குக் கீழே பேசியது, இரவு இரவாகக் கேட்ட அதே சத்தம். நாலு நிமிடம் சுற்றிவிட்டு இறக்கினேன். கடைசியில் காற்று அழுத்தி, புல்லில் உட்கார்ந்து, புரொப்பெல்லர் ஒன்று உடைந்தது. மாற்ற ஒரு கை திருகாணி வேலை.

இப்போது இரண்டாவதாக அதே ரிமோட் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். சிமுலேட்டர் கேபிள் போகும் அந்த நாலு முள் துளையில் டிரெய்னர் கேபிளைச் செருகி இரண்டு ரிமோட்டையும் இணைத்தால், என் சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் விமானம் பிள்ளையின் கையில், திருப்பித் தள்ளினால் என் கையில். ஞாயிறு காலையில் தோட்ட லயத்து வீடுகளின் பிள்ளைகள் நாலைந்து பேர் வருகிறார்கள். முதலில் எங்கள் வீட்டு மடிக்கணினியில் எட்டு போட்டுக் காட்டவேண்டும், அதற்கப்புறம்தான் கம்பி. அக்கா மகன்தான் வரிசை பார்க்கிறான், பயிற்சிப் புத்தகமும் அவனிடம்தான். போன வாரம் குலை வெட்டும் அண்ணன் மோட்டார் சைக்கிளில் போகிற போக்கில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று படிக்கிறாள், அவளையும் அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்புங்கண்ணே, வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வரச்சொல்லுங்க, முதல்ல கம்ப்யூட்டர்ல பழகட்டும் என்றேன்.